சிங்க மீனுக்குக் கடல் எறா

நைனார்பாளையம்
14 ஜூன் 2025

இலக்கியாவுக்கு,

அண்ணி சந்தியா எழுதுவது. உனக்கு நான் கடிதம் எழுதுவேன் என்று நீ நினைத்திருக்க மாட்டாய். நானும் நினைக்கவில்லை. போன் போட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒருத்தி சொல்லிக்கொண்டே இருக்கிறாள். உன் பள்ளிக்கூடம் இருக்கிற இடத்தில் சிக்னலே கிடையாது, தபால்தான் வரும் என்று வெள்ளிமலை பஸ் கண்டக்டர் சுப்புராயன் சொன்னார். அதுவும் நல்லதுதான். பேசினால் நாம் இரண்டு பேரும் கத்துவோம்.

விஷயம் உன் மீன்கள். திருக்கோவிலூரில் உன் புருஷன் சிவசங்கர் வீட்டை விட்டு நீ வந்தபோது கையில் ஒரு துணிப்பை, பின்னாலேயே குட்டியானை வண்டியில் இரண்டு கண்ணாடித் தொட்டி, நாலு மீன். மூன்று மாதம் இங்கே இருந்தாய். பிறகு ஒரு காலையில், நான் சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டுத் திரும்புவதற்குள் மலைப் பள்ளிக்கூடத்துக்கு வேலைக்குப் போய்விட்டாய். மீனுக்கு என்ன போடுவது என்று உன் அண்ணனிடம் எல்லாம் சொல்லியிருக்கிறாயாம். உன் அண்ணன் ஞாபகசக்தி உனக்குத் தெரியாதா? "தினம் ஒரு சிட்டிகை போடணுமாம்" என்றார். எதில் ஒரு சிட்டிகை என்று கேட்டால் மாட்டுக் கொட்டகைப் பக்கம் போய்விடுகிறார். நீ ஃப்ரிட்ஜில் உறைய வைத்துப் போன பொட்டலம் போன வாரம் இரண்டு நாள் கரண்ட் இல்லாமல் நாறிப் போய், எடுத்து எறிந்துவிட்டேன்.

இப்போது நிலவரம் இது. ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட ஜோடி, டப்பாத் தீனியை வாயில் வாங்கித் துப்புகிறது. கோழி ஈரலை அரிந்து போட்டேன், அதைத் தின்றது. ஆனால் தண்ணீர் மேல் எண்ணெய் படலம். தட்டையாக நீலமாக இருந்ததே ஒன்று, அது வெளுத்துப் போய், தலையில் அம்மைத் தழும்பு மாதிரி குழி விழுகிறது. சின்னத் தொட்டியில் தனியாக இருக்கிற முள்ளு மீன் ஒரு வாரம் எதையும் தொடவில்லை. உன் அண்ணன் ஏரியில் கெண்டைக் குஞ்சு பிடித்து வந்து விட்டார். அதை மட்டும் ஒரே விழுங்கு.

கிளம்புவதற்கு முந்தின ராத்திரி நான் சொன்னதுதான் உனக்குக் கோபம் என்று தெரியும். "வூட்டு சோறு ஒரு வாய் எறங்கல, மீனுக்கு மட்டும் கடல் எறா கேக்குதா?" என்று கேட்டேன். கேட்டதை வாபஸ் வாங்கப் போவதில்லை. மூன்று மாதம் நான் போட்ட சோற்றை ஒதுக்கி ஒதுக்கி வைத்துவிட்டு எழுந்து போனாய். எனக்கு மட்டும் எப்படி இருக்கும்?

அதை விடு. என்ன போடுவது என்று எழுது. இல்லையென்றால் சிவசங்கரைக் கூப்பிட்டு எடுத்துப் போகச் சொல்கிறேன். என் கண் முன்னால் எதுவும் பட்டினியில் சாகக் கூடாது.

சந்தியா


வெள்ளிமலைக்கு அப்பால்
21 ஜூன் 2025

மதிப்புக்குரிய அண்ணிக்கு,

இலக்கியா வணக்கம். உங்கள் கடிதம் நேற்று வந்தது. நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. தயவு செய்து அவரைக் கூப்பிட வேண்டாம். காரணத்தை இன்னொரு கடிதத்தில் எழுதுகிறேன். இப்போது மீன்கள்.

கோழி ஈரல் வேண்டாம். தரையில் வாழ்கிற உயிரின் கொழுப்பு கடல் மீனுக்குச் செரிக்காது, ஈரலில் போய்ப் படியும். நீங்கள் பார்த்த எண்ணெய் படலம் அந்தக் கொழுப்புதான். ஏரிக் கெண்டையும் கூடாது. சின்னத் தொட்டியில் இருப்பது சிங்க மீன். கெண்டையைப் பார்த்தால் அது விழுங்கத்தான் செய்யும், கொழுக்கவும் செய்யும். ஆனால் கடல் மீனுக்கு வேண்டிய சத்து நன்னீர் மீனில் இல்லை. பார்க்க நன்றாக இருக்கும்போதே ஒருநாள் செத்துவிடும். அண்ணனிடம் சொல்லி உடனே நிறுத்துங்கள். இரண்டு மூன்று நாள் பட்டினி காயப் போடுங்கள், அதற்கு ஒன்றும் ஆகாது. பிறகு தோல் உரித்த கடல் எறாவை மெல்லிய மூங்கில் குச்சியில் குத்தி, உயிரோடு நீந்துவது போல மூக்குக்கு முன்னால் ஆட்டுங்கள். முதல் நாள் வாங்காது. ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஆரஞ்சு ஜோடி கோமாளி மீன்கள். எறா, கணவாய், மட்டி, கொஞ்சம் கடல் மீன் சதை எல்லாவற்றையும் பச்சையாகவே பொடியாக அரிந்து, அவற்றின் வாய்க்கு அடங்குகிற அளவில் போடலாம். ஒரே தீனியைத் தினமும் போட்டால் போதாது. மாற்றி மாற்றிப் போட வேண்டும். உப்பு, மஞ்சள் எதுவும் சேரக் கூடாது. போட்டது இரண்டு நிமிடத்தில் தீர வேண்டும். மிஞ்சினால் அழுகித் தண்ணீர் கெடும்.

நீலத் தட்டை மீனின் பெயர் டாங். அது கடலில் நாள் முழுக்கப் பாறைப் பாசியை மேய்கிற ஜாதி. பசுந்தீனி இல்லாததால்தான் தலையில் குழி. உப்பும் எண்ணெயும் சேர்க்காத காய்ந்த கடற்பாசித் தாள் தபாலில் வரவழைக்கலாம். அதுவரை கீரையைக் கொதிநீரில் ஒரு முறை காட்டிப் போடுங்கள். கீரை அதற்கு முழுச் சாப்பாடு ஆகாது, ஆனால் வயிறு காயாது.

சோற்றைப் பற்றி எழுதியிருந்தீர்கள். உங்கள் கைச் சமையலில் குறை என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. அதற்கு மேல் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

இலக்கியா


நைனார்பாளையம்
3 ஜூலை 2025

இலக்கியா,

நீ எழுதியபடி எல்லாம் செய்தேன். செய்த பிறகு நடந்ததையும் கேள்.

கள்ளக்குறிச்சி மீன் மார்க்கெட்டுக்குப் போனேன். ஜெயம்மாள் என்று ஒரு அம்மா, கூடை கூடையாய் எறா வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"கடல் எறாவா, பண்ணை எறாவா?" என்று கேட்டேன்.

"இன்னாம்மா, சமைக்கத்தான வாங்கினு போற? எல்லாம் ஒண்ணுதான்."

"மீனுக்குப் போடணும்."

"மீனுக்கு எறாவா? எங்க வூட்டுல மனுசாளுக்கே கெடையாது!" என்று பக்கத்துக் கடைக்காரியிடம் சொல்லிச் சிரித்தது. பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கடலூர் லோடு காத்தால வரும். வெயிலுக்கு முன்னாடி வா, ஐஸ் கம்மியா போட்டதா எடுத்து வெக்கறேன்" என்றது. இப்போது வாரம் ஒருமுறை எனக்காக எறாவும் கணவாயும் தனியாக எடுத்து வைக்கிறது. மட்டி வந்தால் சொல்லி அனுப்புகிறது.

கோமாளிகள் இப்போது துப்புவதில்லை. நான் கொட்டகையிலிருந்து உள்ளே வந்தாலே கண்ணாடிப் பக்கம் ஓடி வருகின்றன. பாசித் தாள் வந்ததும் துணி மாட்டும் கிளிப்பில் சொருகி விட்டேன். இரண்டே நாளில் கிளிப்பில் இருந்த கம்பி துருப்பிடித்துவிட்டது. உப்புத் தண்ணீரில் இரும்பு வைக்காதே என்று எழுத வேண்டியதுதானே? நானே கல்லில் வைத்து ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிவிட்டேன். டாங் ஆட்டுக்குட்டி மாதிரி இழுத்து இழுத்துத் தின்கிறது.

நீ எழுதாமல் விட்டது இன்னொன்றும் உண்டு. சிங்க மீனின் முதுகு முள்ளில் விஷம் இருக்கிறது என்று.

சின்னத் தொட்டியில் மிஞ்சிக் கிடந்த எறாத் துண்டை எடுக்க உன் அண்ணன் கையை விட்டார். "யம்மாடி!" என்று ஒரு சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால் கை கத்திரிக்காய் மாதிரி வீங்குகிறது, மனுஷனுக்கு வேர்த்துக் கொட்டுகிறது. "நெருப்புல வெச்சாப்பல கீதுடி" என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் டாக்டர் என்ன மீன் என்று கேட்டு, பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் கையை வைக்கச் சொன்னார். வலி அதில்தான் இறங்கியது. ஊசியும் போட்டார்கள். இப்போது நன்றாக இருக்கிறார். ஆனால் அந்த ஒரு மணி நேரம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். எறாவை எப்படி ஆட்டுவது என்று அத்தனை வரி எழுதின உனக்கு, இதற்கு ஒரு வரி எழுதக் கை வரவில்லையா?

வீட்டுக்கு வந்ததும் உன் அண்ணன், "இந்த சனியனுங்கள ஏரில கொட்டிடறேன்" என்றார். ஏரித் தண்ணீரில் அவை செத்துப் போகும் என்றேன். "சாவட்டும்!" என்றார். நான் தொட்டி முன்னால் நின்றுகொண்டேன். அதனால் கொட்டவில்லை. ஆனால் என்னைக் கேட்காமல் சிவசங்கருக்குப் போன் போட்டு, வந்து எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டார்.

வரட்டும் என்று சொல்வதா, வர வேண்டாம் என்று சொல்வதா? இன்னொரு கடிதத்தில் காரணம் எழுதுகிறேன் என்றாயே, அந்தக் காரணத்தை இப்போது எழுது. தெரியாமல் நான் யாரோடும் சண்டை போட மாட்டேன்.

சந்தியா


வெள்ளிமலைக்கு அப்பால்
9 ஜூலை 2025

அண்ணி,

கடிதத்தைப் படித்ததும் விடுதிப் பிள்ளைகளைச் சமையல்காரம்மாவிடம் விட்டுவிட்டு, சிக்னல் கிடைக்கிற மேட்டுக்கு ஓடினேன். அண்ணனைக் கூப்பிட்டேன். "நல்லாத்தான் கீறேன்" என்று சொல்லிக் கட் பண்ணிவிட்டார். மறுபடி கூப்பிட்டால் எடுக்கவில்லை. முள் விஷயம் எழுதாமல் விட்டது என் தப்பு. அந்த மீனை எத்தனையோ நாள் கையாண்டு எனக்கு அது பழகிவிட்டது. மற்றவர்களுக்குத் தெரியாது என்று தோன்றவே இல்லை. இனிமேல் யாரும் கையை விட வேண்டாம். நீளமான பிளாஸ்டிக் இடுக்கி வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி, நீங்கள் கேட்ட காரணம்.

அவர் அலங்கார மீன் கடை வைத்திருக்கிறார் என்பது உங்களுக்குத் தெரியும். கல்யாணத்துக்கு நீங்களே வந்து பார்த்துவிட்டு, கடலே கண்ணாடிக்குள் இருக்கிறது என்று சொன்னீர்கள். நானும் முதலில் அப்படித்தான் மயங்கினேன். பி.எஸ்சி. விலங்கியல் படித்த பெண்ணுக்கு இதை விட நல்ல இடம் எது என்று எல்லோரும் சொன்னார்கள்.

அந்தக் கடையில் மீனுக்குத் தீனி போட மாட்டார்கள் அண்ணி. போட்டால் கழியும், கழிந்தால் தண்ணீர் கலங்கும், கலங்கினால் வாங்க வருகிறவன் முகம் சுளிப்பான். "விக்கிற சரக்குக்கு எதுக்கு சாப்பாடு?" என்பார். நீல விளக்குக்குக் கீழே எல்லா மீனும் பளபளவென்று இருக்கும். பக்கவாட்டில் பார்த்தால் வயிறு ஒட்டியிருக்கும். சீக்கிரம் விற்றதெல்லாம் பிழைத்தது. விற்காதது பின்கட்டு வாளிக்குப் போனது. நான் எறா வாங்கிப் போட்டால், கணக்கு கேட்பார். என் ட்யூஷன் வருமானத்தில் போட்டால், கௌரவம் போகிறது என்பார். இந்த நாலு மீனும் வாளிக்குப் போக இருந்தவை. "கழிச்சதுதான, எடுத்துக்கோ" என்று அவர் வாயால் சொல்லித்தான் எடுத்தேன். தொட்டிகள் என் அப்பா சீராகக் கொடுத்த பணத்தில் வாங்கியவை, ரசீதும் என் பெயரில்தான். ஆகவே எதிலும் அவருக்குப் பாத்தியதை கிடையாது.

அவர் என்னை அடித்ததில்லை. அதனால் யாரிடமும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. அந்த வீட்டில் நான் சாப்பிட்டேனா என்று ஒருநாளும் யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான். அங்கே பழகிய வயிறு உங்கள் வீட்டுக்கு வந்ததும் உடனே திறக்கவில்லை. நீங்கள் தட்டில் குவிக்கக் குவிக்க எனக்கு ஒரு வாயும் இறங்கவில்லை. இதை நேரில் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வரவில்லை.

அவர் இப்போது வருவது மீன் மேல் பாசத்தினால் இருக்காது. தேறிவிட்டது என்று அண்ணன் சொல்லியிருப்பார். வாங்க ஆள் இருக்கும். நீங்கள் என்ன செய்தாலும் சரி. நான் இங்கிருந்து ஒன்றும் செய்ய முடியாது.

இங்கே பிள்ளைகளுக்குச் சாமைச் சோறும் குழம்பும். அவர்களோடு உட்கார்ந்து நானும் நன்றாகத்தான் சாப்பிடுகிறேன்.

இலக்கியா


நைனார்பாளையம்
24 ஜூலை 2025

இலக்கியா,

சிவசங்கர் வந்தார், போனார். உட்கார்ந்து நிதானமாகப் படி.

ஞாயிற்றுக்கிழமை காலை, வேனோடு வந்தார். பின்னால் பிளாஸ்டிக் பை, ஆக்சிஜன் சிலிண்டர் எல்லாம் இருந்தது. உன் அண்ணன் மாட்டுக்குத் தவிடு கலந்துகொண்டிருந்தார். "வாங்க மாப்ள" என்று கையைக் கழுவிக்கொண்டு வந்தார். நான் காபி கொடுத்தேன். உன் கடிதம் என் பீரோவில்தான் இருந்தது. அதில் இருப்பதை உன் அண்ணனிடம் நான் இன்னும் சொல்லவில்லை. உன் வாயால் வராத விஷயத்தை நான் பரப்ப வேண்டாம் என்று இருந்தேன்.

தொட்டியைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. டாங் மறுபடி நீலமாகிவிட்டது, குழி ஆறி வருகிறது. சிங்க மீன் செட்டையை விசிறி மாதிரி விரித்துக்கொண்டு நின்றது. "நல்லா தேத்தி வெச்சிருக்கீங்களே! விழுப்புரத்துல ஒரு ஓட்டல்காரர் கேட்டுக்கினே கீறார்" என்றார்.

"நல்ல ஓட்டலா? யாரு தீனி போடுவாங்க?" என்று நான் கேட்டேன்.

"அதெல்லாம் இன்னாத்துக்கு? வாரத்துக்கு ஒருக்கா எதுனா போட்டா துன்னும். செத்தா வேற வாங்குவாங்க. அதான வியாபாரம்."

"இப்ப வேன்ல ஏத்தறதுக்கு முன்னாடி என்ன போடுவீங்க?"

"நாலஞ்சு நாள் காயப் போட்டுத்தான் எடுப்போம். இன்னிக்கி சும்மா பையில கட்டி எடுத்துக்கினு போயி, எங்க கடையில காயப் போட்டுக்கறேன்."

நான் மூங்கில் குச்சியை எடுத்தேன். எறாத் துண்டைக் குச்சியில் குத்திச் சின்னத் தொட்டியில் விட்டேன். மூன்று வாரம் ஆட்டி ஆட்டி என் கை ஓய்ந்த பிறகு, முந்தின வியாழக்கிழமைதான் அது முதல் முறை வாங்கியது. ஞாயிற்றுக்கிழமையும் வாங்கியது. ஒரே கவ்வு. அவருக்கு நம்பிக்கை வரவில்லை. "செத்த எறாவையா துன்னுது? எங்கிட்ட உசுரு மீன் தவிர எதையும் தொடலியே!" என்றார்.

"நீங்க எத்தினி நாள் ஆட்டினீங்க?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "அதுக்கெல்லாம் நேரம் ஏதுங்க? ஒங்க நாத்தனாருக்கும் இதே பைத்தியம்தான். தான் துன்றாளோ இல்லியோ, மீனு துன்னணும். நான் அவளக் கண்டுக்கறதே இல்ல."

உன் அண்ணன் அதுவரை சும்மா நின்றுகொண்டிருந்தார். இந்தப் பேச்சைக் கேட்டதும் தோளில் இருந்த துண்டை எடுத்து உதறினார். "துன்றாளோ இல்லியோன்னா? ஒனக்குத் தெரியாதா?" என்றார். நீங்க போய் நீ வந்துவிட்டதைக் கவனி.

"மச்சான், நான் சும்மா பேச்சுக்கு..."

"என் தங்கச்சி எலும்பும் தோலுமா வந்து நின்னா. ஏன்டி இப்பிடி கீறன்னு கேட்டா பதில் இல்ல. நானும் படிப்பு பித்துன்னு உட்டுட்டேன். மாட்ட விக்கிறப்பக்கூட வாங்கறவன் தீனி போடுவானான்னு பாத்துத்தான் கயிறு மாத்துவோம். நீ கெளம்பு."

சிவசங்கர் கடை மீன், கேஸ் போடுவேன் என்று ஏதோ சொன்னார். தொட்டி வாங்கின ரசீது இலக்கியா பெயரில் இருக்கிறது, மீனை நீங்கள் கழித்துப் போட்டீர்கள், போடுங்கள் கேஸ் என்றேன். வண்டியில் ஏறும்போது வேறு மாதிரி பேசினார். "வேலைய உட்டுட்டு வரச் சொல்லுங்க, ஏத்துக்கறேன்" என்றார். அதற்கு நானும் பதில் சொல்லவில்லை, உன் அண்ணனையும் சொல்ல விடவில்லை. அது நீ சொல்ல வேண்டிய பதில். என்ன பதிலாக இருந்தாலும் நான் உன் பக்கம்.

சோறு பற்றி நீ எழுதினதைப் படித்தேன். சரி. அதைப் பற்றி இனிமேல் பேச்சு இல்லை.

சந்தியா


வெள்ளிமலைக்கு அப்பால்
1 ஆகஸ்ட் 2025

அண்ணி,

உங்கள் கடிதத்தை ஒரே மூச்சில் படித்துவிட்டுச் சத்தமாகச் சிரித்துவிட்டேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எழுந்து பார்த்தார்கள்.

என் பதிலை அவருக்கே எழுதி அனுப்பிவிட்டேன். வர மாட்டேன். வேலையையும் விட மாட்டேன். இரண்டு பேரும் சம்மதித்துப் பிரிந்துகொள்ளலாம், கள்ளக்குறிச்சியில் வக்கீல் ஒருவரைப் பார்த்திருக்கிறேன் என்று எழுதினேன். தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்து, உணவுச் சங்கிலிப் பாடம் நடத்தினேன்.

ஆனால் ஒன்று மனதில் நிற்கிறது. அவரை வீட்டுக்கு வரவழைத்தது அண்ணன். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. போனை எடுக்கவும் இல்லை. பிறகு அவர் எனக்காகப் பேசியது உண்மைதான். ஆனால் அதை உங்களிடமிருந்து கேட்டேன், அவரிடமிருந்து இல்லை. காலாண்டு விடுமுறைக்கு ஊருக்கு வராமல் விடுதியிலேயே தங்கிவிடலாம் என்று இருக்கிறேன். உங்கள் மேல் எந்த வருத்தமும் இல்லை.

மீன்களை இனிமேல் உங்களுடையதாகவே வைத்துக்கொள்ளுங்கள். சிங்க மீனைச் செத்த எறா தின்ன வைத்தவர் நீங்கள். உயிர் எறா போட்டே ஓட்டிய என்னால் முடியாமல் போனது அது.

ஒரு யோசனை. கோமாளி ஜோடியில் பெரியது பெண். வயிறு நிறைய, வகை வகையாகச் சாப்பிட்டால்தான் முட்டை வைக்கும். மட்டியும், மீன் சினையும் இன்னும் கொஞ்சம் சேர்த்து, நாளைக்கு மூன்று வேளை சிறிது சிறிதாகப் போட்டுப் பாருங்கள். முட்டை ஒட்ட ஒரு கூரை ஓட்டுத் துண்டைப் பக்கத்தில் சாய்த்து வையுங்கள்.

இலக்கியா


நைனார்பாளையம்
4 செப்டம்பர் 2025

இலக்கியா,

மீனைக் கொடுக்கிறாளாம் மீனை! நீ கொடுப்பதற்கு முன்னாலேயே அது என்னுடையதாகிவிட்டது. வேறு ஏதாவது இருந்தால் சொல்.

நீ சொன்ன மாதிரியே ஓட்டில் முட்டை. முதலில் ஏதோ பூஞ்சை என்று சுரண்டப் போனேன். ஆண் மீன் வந்து என் இடுக்கியைக் கடித்தது. அப்புறம்தான் புரிந்தது. ஆரஞ்சுப் புள்ளிகள், நாளாக நாளாகக் கறுத்து, கடைசியில் ஒவ்வொன்றிலும் இரண்டு கண். உன் அண்ணன் பேட்டரி லைட் அடித்துப் பார்த்துவிட்டு, "முழிக்குதுடி!" என்றார். ஓட்டைத் தனி வாளிக்கு மாற்றி, காற்று விட்டு வைத்தோம். பொரித்தது. ஊசி முனை போல வாளி முழுக்கக் குஞ்சுகள்.

எறாவை மைய அரைத்துத் துணியில் வடிகட்டி விட்டேன். முட்டை மஞ்சள் கரு கரைத்து விட்டேன். எதையும் தொடவில்லை. இரண்டு நாள் நீந்தின, பிறகு ஒவ்வொன்றாக அடியில் போய் ஒட்டிக்கொண்டன. ஒன்றும் மிஞ்சவில்லை.

வாளியைக் கழுவிக் கவிழ்த்தேன். மறுநாள் எனக்கு ஒன்று புரிந்தது. பெற்றவை நன்றாகத் தின்றதால்தான் பிள்ளைகள் வந்தன. பிள்ளைகள் போனது தீனி இல்லாமல். ஆகவே இதற்கும் ஒரு தீனி இருக்கும், எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதானே? அடுத்த ஈடு முட்டை வருவதற்குள் தெரிந்துகொண்டால் போயிற்று. நீ டீச்சர், எழுது.

சந்தியா


வெள்ளிமலைக்கு அப்பால்
10 செப்டம்பர் 2025

அண்ணி,

முதல் ஈடு பிழைப்பது அபூர்வம். பொரிப்பகங்களிலேயே அப்படித்தான். பொரிக்க வைத்ததே பெரிய விஷயம்.

குஞ்சின் வாய் அவ்வளவு சின்னது. அதில் அடங்கவும் வேண்டும், அசையவும் வேண்டும். அசையாததை அது உணவென்றே எடுத்துக்கொள்ளாது. ரோட்டிஃபர் என்று ஒரு நுண்ணுயிர் இருக்கிறது. கண்ணுக்குத் தூசி பறப்பது போலத் தெரியும். அதுதான் முதல் தீனி. ஆனால் ரோட்டிஃபரைப் பட்டினியாகவோ வெறும் ஈஸ்ட் போட்டோ வளர்த்தால், அதைத் தின்கிற குஞ்சுக்கும் சத்து இருக்காது. கடல் பாசி வளர்த்த பச்சைத் தண்ணீரில் அதை வளர்க்க வேண்டும். பாசியின் சத்து ரோட்டிஃபருக்கு, அதன் சத்து குஞ்சுக்கு. ஒரு வாரம் கடந்தால் ஆர்ட்டீமியா என்கிற உப்புநீர்ப் பூச்சிக் குஞ்சுக்கு மெல்ல மாற்றலாம்.

புதுச்சேரிப் பக்கம் பொரிப்பகம் வைத்திருக்கிற ஒருவரின் எண்ணைக் கீழே எழுதியிருக்கிறேன். என் கல்லூரியில் எனக்கு முன்னால் படித்தவர். என் பெயரைச் சொன்னால் பச்சைத் தண்ணீரும் ரோட்டிஃபரும் கேனில் தருவார். வெயில் ஏறுவதற்குள் கொண்டு வந்துவிட வேண்டும். யார் போவார்கள் என்றுதான் தெரியவில்லை.

விடுமுறைக்கு விடுதிச் சாவியை என்னிடமே கொடுத்துவிடும்படி தலைமை ஆசிரியரிடம் கேட்டிருக்கிறேன். இன்னும் சரி என்று சொல்லவில்லை.

இலக்கியா


நைனார்பாளையம்
24 செப்டம்பர் 2025

இலக்கியா,

தபாலில் போட்டால் நேரத்துக்கு வராது என்று சுப்புராயன் கையில் கொடுத்து அனுப்புகிறேன்.

புதுச்சேரிக்கு யார் போவார்கள் என்று கேட்டிருந்தாய். உன் அண்ணன் போனார். மக்காச்சோளத்துக்கு மருந்து அடிக்கிற வேலையைப் பக்கத்து நிலத்துப் பச்சமுத்து தலையில் கட்டிவிட்டு, விடியற்காலை முதல் பஸ்ஸில் போய், இரண்டு கேனையும் ஈரச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர், "இன்னா பெரியவரே, பெட்ரோலா?" என்று கேட்டாராம். "கொழந்தைங்களுக்குப் பால்" என்றாராம் இவர்.

இரண்டாவது ஈடு போன வாரம் பொரித்தது. இந்த முறை வாளித் தண்ணீரையே இளம் பச்சையாக்கி, ரோட்டிஃபரை முன்னாலேயே விட்டு வைத்தேன். குஞ்சுகள் முதல் நாளே உடம்பை எஸ் மாதிரி வளைத்து வளைத்துக் கொத்தின. சில போயின. மிச்சம் நிற்கிறது. ஒரு வாரம் தாண்டிவிட்டது. நேற்று ஒன்றின் மேல் வெள்ளைப் பட்டை லேசாகத் தெரிந்தது போல இருந்தது. என் கண்ணாகவும் இருக்கலாம். ஆர்ட்டீமியா பொரிக்க வைத்திருக்கிறேன். எப்போது மாற்றுவது என்பதில்தான் எனக்கு உறுதி இல்லை. அதை நீ வந்து பார்த்துச் சொல்வதுதான் சரி. எழுதி முடிகிற விஷயம் இல்லை.

இதற்கு மேல் நான் எழுதப் போவதில்லை. உன் அண்ணன் பேனாவைக் கேட்கிறார். அவர் கடிதம் எழுதி எனக்குத் தெரிந்து இருபது வருஷம் இருக்கும்.

சந்தியா

*பாப்பா, அண்ணன் எழுதறேன். ஒன்னக் கேக்காம அவன வரச் சொன்னது தப்பு. போன எடுக்காதது அதவிடப் பெரிய தப்பு. கை வலின்னு சொல்லிக்கினு இருந்தேன், கை அன்னிக்கே சரியாப் போச்சு. குஞ்சுங்க வயிறு ரொம்பி, உள்ள பச்சையா தெரியுது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுல வெள்ளிமலை வண்டி நிக்கிற எடத்துல நான் நிப்பேன். நீ அந்த வண்டியில வரலன்னா அடுத்த வண்டி வர்ற வரைக்கும் நிப்பேன். தனசேகரன்.*